எர்ணாவூர் வீட்டுக்கு ஒரு கேமரா

நெல்லு, மாடு, மழை, மோட்டார் ரிப்பேர் என்று எழுதிக்கொண்டிருந்தவன் இன்றைக்கு கேமரா பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆவணியிலிருந்து எங்கள் வீட்டில் யூரியா விலையைவிட லென்ஸ் விலைதான் அதிகம் பேசப்பட்டது. குடும்பப் படம் எடுக்க முதல் முதலாக ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்குவதற்கு நாங்கள் என்னென்ன பார்த்தோம், எதை வைத்து முடிவு செய்தோம் என்பதைச் சொல்கிறேன். பட்டணத்தில் இருக்கிற உங்களில் யாருக்காவது உதவும்.

முதலில், யாருக்காக வாங்கினோம் என்று சொல்லிவிடணும்.

எங்கள் ஊர் மீஞ்சூருக்கு மேற்கே. அக்காவை 1994ல் எர்ணாவூரில் கட்டிக்கொடுத்தோம். மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறினால் நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர், எண்ணூர், கத்திவாக்கம், அப்புறம் விம்கோ நகர். அங்கே இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் அக்கா வீடு. எங்கள் பக்கம் வல்லூர் அணைக்கட்டைத் தாண்டிப் போகிற கொசஸ்தலை ஆறுதான் எண்ணூரில் போய்க் கடலில் சேருகிறது. அதனால் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே ஆறு. நாங்கள் மேலே, அவர்கள் கீழே, அவ்வளவுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்களுக்கு வந்தது வெறும் வெள்ளம். அவர்களுக்கு வந்தது எண்ணெய் கலந்த வெள்ளம். சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. தண்ணீர் வடிந்த பிறகும் அந்தக் கோடு போகவில்லை. அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் மெத்தைக்கும் மிக்ஸிக்கும் சரியாகப் போய்விட்டது. அதெல்லாம் திரும்ப வாங்கிவிடலாம். கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத்தான் வாங்க முடியாது. அதற்குள்தான் கல்யாண ஆல்பம் இருந்தது.

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் நடந்த கல்யாணம் அது. எங்கள் அப்பா முழுசாக நிற்கிற ஒரே படம் அந்த ஆல்பத்தில்தான். புது வேட்டி, தோளில் துண்டு, கையில் வெற்றிலைத் தட்டு. அவர் 2003ல் போய்விட்டார். படம் எடுத்த ஸ்டூடியோவும் மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு, நெகட்டிவ் எங்கே தேடுவது?

நனைந்த போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்கக் கூடாது. காய்வதற்கு முன்னாலேயே நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தானாக விடுகிற வரைக்கும் காத்திருந்து, முகம் மேலே இருக்கிற மாதிரி நிழலில் காயவைக்கணும். வெறும் தண்ணீரில் நனைந்திருந்தால் பாதியாவது தேறியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கில் அது செல்லவில்லை. ஒன்பது படம் தேறியது. அப்பா படம் தேறவில்லை. இப்போது எங்களிடம் இருப்பது ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த நகத்தளவு முகம் மட்டும்தான்.

நம் ஜனங்களில் நிறைய பேருக்கு இதுதான் நிலைமை. உயிரோடு இருக்கும்போது தனியாக ஒரு படம் எடுத்திருக்க மாட்டார்கள். போன பிறகு ஓட்டு அட்டையிலிருந்தோ, யார் வீட்டுக் கல்யாணக் கும்பலிலிருந்தோ முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பெரிசு பண்ணி, மாலை போடுவோம். சட்டை காலருக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய தோள் தெரியும்.

பொங்கல் முடிந்து அக்கா போன் பண்ணினாள். "டேய், ஒரு கேமரா வாங்கணும்டா. போன்ல எடுத்தது போனோட பூடுது. அம்மாவையாவது ஒழுங்கா எடுத்து வெக்கணும்." அம்மா என்னோடுதான் இருக்கிறாள். எழுபதைத் தாண்டிவிட்டாள். அவளுக்கும் ஆதார் அட்டைப் படத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

அக்கா பொண்ணு கல்லூரியில் படிக்கிறாள். அவள்தான் முதலில் மறுத்தது. "மாமா, போன்லயே சூப்பரா வருது. எதுக்கு இவ்ளோ காசு?" நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்லாமல் கேமரா வாங்கக் கூடாது.

நல்ல வெளிச்சத்தில், ஆள் அசையாமல் நின்றால், இன்றைக்கு இருக்கிற போனே போதும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. வித்தியாசம் வருவது வெளிச்சம் குறையும்போதும், ஆள் அசையும்போதும். போனுக்குள் வெளிச்சத்தை வாங்குகிற சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. டி.எஸ்.எல்.ஆரில் அது 23.5க்கு 15.6 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தபால்தலை. மழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் பெய்கிறது. குட்டையில் எவ்வளவு நிற்கும், ஏரியில் எவ்வளவு நிற்கும்? அதே கணக்குதான். குட்டைக்காரன் அதைச் சரிக்கட்ட பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, முகத்தை மெழுகி, இல்லாததையும் இருப்பதாகக் காட்டுகிறான். ஓடுகிற குழந்தையிடம் அந்த வித்தை பலிக்காது. அம்மா மாதிரி சுருக்கம் விழுந்த முகத்தில் அது சுருக்கத்தையே தேய்த்துவிடுகிறது. அந்தச் சுருக்கம் எங்களுக்கு வேண்டும்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை எங்களுக்குக் காட்டியது மு. பழனிகுமார் என்கிற புகைப்படக்காரர். மதுரைப் பக்கத்துக்காரர். அம்மா மீன் விற்கிறவர். அந்த அம்மா கடன் வாங்கித்தான் மகனுக்கு முதல் கேமரா வாங்கிக் கொடுத்தார். அவர்தான் 2017ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். பிறகு 'பாரி' என்கிற கிராமப்புற இந்திய மக்கள் ஆவணகத்தின் புகைப்படக்காரர் ஆனார். 2022ல் தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது முதல் முறையாகக் கொடுக்கப்பட்டபோது அவருக்குத்தான் வந்தது. இவரே வியாசர்பாடி மாதிரி இடங்களில் இருக்கிற பிள்ளைகளுக்குப் புகைப்படம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளைகள் கேமராவைத் தூக்கிக்கொண்டு முதலில் எங்கே போனார்கள் தெரியுமா? அவரவர் அப்பா அம்மாவிடம். வேலைக்குப் போகிற அம்மா, வேலை முடிந்து வந்து படுத்திருக்கிற அப்பா. வெளியிலிருந்து போகிற எந்தப் புகைப்படக்காரனுக்கும் அந்த நேரத்தில் அந்த வீட்டுக்குள் நிற்க உரிமை கிடையாது.

வடசென்னையை எடுக்க ஊரே வருகிறது. புகைக்கூண்டு, சாம்பல், காசிமேட்டுப் படகு, சினிமா எடுத்தால் கத்தி. எல்லாம் வெளியிலிருந்து உள்ளே பார்க்கிற படம். வீட்டுக்குள்ளேயிருந்து எடுத்த படம் எத்தனை இருக்கிறது? இருந்ததிலும் எத்தனை வெள்ளத்தில் போனது? இதைச் சொன்னதும் அக்கா பொண்ணு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி மாமா, ஆனா நான்தான் எடுப்பேன்" என்றாள். நல்லதாப்போச்சு. யார் எடுக்கப்போகிறார்கள் என்பது முடிவானால் பாதி கேமரா முடிவான மாதிரி.

அடுத்தது அளவெடுக்கிற வேலை. நிலம் வாங்கினாலும் மாட்டுக்கொட்டகை போட்டாலும் நாங்கள் முதலில் அளப்போம். லென்ஸுக்கும் அப்படித்தான் என்று எனக்குப் பட்டது. அக்கா வீட்டுக் கூடம் பத்தடிக்குப் பன்னிரண்டு. அதில் ஒரு பீரோ, ஒரு கட்டில். படம் எடுக்கிறவர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் எட்டொன்பது அடிக்கு மேல் தள்ளிப்போக முடியாது.

கடையில் யாரைக் கேட்டாலும், "குடும்பப் படமா? 50 மி.மீ. லென்ஸ் வாங்கிக்கங்க, விலை கம்மி, வெளிச்சம் ஜாஸ்தி" என்பார்கள். பொய் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர் தோளோடு தோள் நிற்க எட்டடி அகலம் வேண்டும். கேனான் டி.எஸ்.எல்.ஆரில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டு எட்டடி அகலத்தைப் பிடிக்க, கிட்டத்தட்ட பதினெட்டு அடி தள்ளி நிற்கணும். அக்கா வீட்டில் அப்படி நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் சமையலறையில் நிற்போம். நிக்கானில் 35 மி.மீ. போட்டால் பன்னிரண்டு அடி. கேமராவோடு வருகிற 18-55 கிட் லென்ஸை 18ல் வைத்தால் ஆறடி போதும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். அகலத்தை லென்ஸின் மில்லிமீட்டரால் பெருக்கி, சென்சாரின் அகலத்தால் வகுத்தால் தூரம் வந்துவிடும். கேனானுக்கு 22.3, நிக்கானுக்கு 23.5. நாட்டு வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

தூரம் ஆயிற்று, இனி வெளிச்சம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தக் கூடத்தில் ஒரே ஒரு டியூப் லைட். தெரிந்தவர் ஒருவரிடம் கேமராவை இரவல் வாங்கிப் போய்ச் சோதித்தோம். கிட் லென்ஸை 55ல் வைத்தால் அதன் திறப்பு எஃப் 5.6க்கு மேல் போகாது. ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தும் ஷட்டர் 1/15 நொடிக்குத்தான் வந்தது. 1/15ல் பேரப்பிள்ளை பேய் மாதிரி தெரிகிறான். எஃப் 1.8 திறக்கிற லென்ஸ் என்றால் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 1/15 இருந்த இடத்தில் 1/150 கிடைக்கும். பிள்ளை பிள்ளையாகவே தெரிவான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய சோக் போட்ட டியூப் லைட் நொடிக்கு நூறு தடவை கூடிக் குறைகிறது, நம் கண்ணுக்குத்தான் தெரியாது. ஷட்டரை அதைவிட வேகமாக வைத்தால் ஒரு படம் மஞ்சளடிக்கும், ஒரு படம் இருட்டடிக்கும். டியூப் லைட்டுக்குக் கீழே 1/100 வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. அதே மாதிரி, 1.8 இருக்கிறதே என்று எப்போதும் 1.8லேயே எடுக்கக் கூடாது. ஐந்தடி தூரத்தில் 35 மி.மீ. லென்ஸில் தெளிவாக விழுகிற ஆழம் அரை அடிக்கும் குறைவு. பாட்டி தெளிவாக இருப்பாள், மடியில் இருக்கிற குழந்தை கலங்கியிருக்கும். இரண்டு பேர் என்றால் 2.8, கும்பல் என்றால் 4 அல்லது 5.6.

ஆக, கும்பலுக்கு கிட் லென்ஸ், வீட்டுக்குள் ஒருத்தர் இரண்டு பேருக்கு 35 மி.மீ. எஃப் 1.8. கேமரா எதுவென்று தெரிவதற்கு முன்னாலேயே லென்ஸ் முடிவாகிவிட்டது. கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வதும் இந்த வரிசையைத்தான். முதலில் ஆள், அப்புறம் இடம், அப்புறம் லென்ஸ், கடைசியாக பாடி.

அப்புறம், டி.எஸ்.எல்.ஆரே எதற்கு, இப்போது எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்குப் போகிறார்களே என்று கேட்பீர்கள். போகிறார்கள் என்பதால்தான். நிக்கானும் கேனானும் 2020க்குப் பிறகு புதிதாக ஒரு டி.எஸ்.எல்.ஆர். மாடலும் கொண்டுவரவில்லை. கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் கூட்டமாக மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கைவிட்ட டி.எஸ்.எல்.ஆரும் லென்ஸும் நல்ல நிலையில், பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. பவர் டில்லர் வந்தபோது ஊரில் நல்ல உழவு மாடுகள் விலை இறங்கிய மாதிரி. மாடு நன்றாக உழத்தான் செய்தது. பேட்டரியும் இதில் நின்று உழைக்கும். நிக்கான் டி3500 ஒரு சார்ஜுக்கு 1,550 படம் எடுக்கும் என்று கம்பெனிக் கணக்கு. மின்சாரம் எப்போது போகும் வரும் என்று தெரியாத வீட்டுக்கு அது முக்கியம். மெகாபிக்ஸலைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஏ4 தாளளவு பிரிண்டுக்கு 9 மெகாபிக்ஸல் போதும். பத்து வருஷப் பழைய கேமராவிலும் அதைவிட அதிகம் இருக்கிறது.

பட்ஜெட் 30,000 ரூபாய். அக்கா சீட்டுப் பணம் பாதி, என் சொர்ணவாரி நெல்லுக் காசு பாதி. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பீச் ஸ்டேஷனில் இறங்கினோம். வழியில் ராயபுரம் ஸ்டேஷனைப் பார்த்ததும் அக்கா பொண்ணு, கேமரா வாங்கினால் முதல் படம் இங்கேதான் என்றாள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி அங்கேயிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்தத் தூண்கள் வைத்த கட்டடத்தை தினமும் தாண்டிப் போகிறவர்களுக்கே இது தெரியாது.

பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மா பஜார். பர்மாவிலிருந்து 1960களில் எல்லாம் இழந்து வந்த தமிழர்கள் பிழைப்பதற்காக ஏற்பட்ட கடைவீதி. சும்மா நடந்து விலைகளைத் தெரிந்துகொண்டோம். எங்களுக்கு பில்லும் வாரண்டியும் வேண்டும், இல்லாவிட்டால் பயன்படுத்திய ஆளையே நேரில் பார்க்கணும். அக்கா வீட்டுக்காரருக்குத் தெரிந்த கல்யாணப் புகைப்படக்காரர் ஒருவர் தண்டையார்பேட்டையில் இருந்தார். மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டார். அவரிடம் இரண்டு பாடி இருந்தது, நிக்கான் டி7200, நிக்கான் டி5300.

எனக்கு டி7200 மேல்தான் கண். கட்டுறுதியான சாமான். இரண்டு சக்கரம், உள்ளேயே ஃபோகஸ் மோட்டார். அதனால் பழைய மலிவான லென்ஸ்கூட ஆட்டோ ஃபோகஸில் வேலை செய்யும். டி5300ல் அந்த மோட்டார் கிடையாது. 'ஏஎஃப்-எஸ்' மாதிரி, மோட்டார் உள்ளேயே இருக்கிற லென்ஸ் என்றால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். நிக்கானின் டி3000, டி5000 வரிசை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அது தெரியாமல் மலிவு விலைக்கு 50 மி.மீ. 'டி' லென்ஸ் வாங்கிவிட்டு, கையால் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. கேனானில் இந்தக் குழப்பம் இல்லை. அவர்களுடைய ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்களில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும்.

நான் டி7200ஐத் தூக்கி அக்கா கையில் கொடுத்தேன். பேட்டரியோடு 765 கிராம், லென்ஸோடு ஒரு கிலோவைத் தொடும். ஒரு நிமிஷம் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கீழே வைத்துவிட்டு, "அம்மிக்கல்லு மாதிரி கீதுடா. இத நான் ஒரு நாளும் தூக்கமாட்டேன்" என்றாள். டி5300 பேட்டரியோடு 530 கிராம். திரையை வெளியே திருப்பிக்கொள்ளலாம், தரையில் உட்கார்ந்திருக்கிற குழந்தையை முட்டிபோடாமல் எடுக்கலாம். அதை வாங்கியதும் தானாகவே என்னைப் பார்த்து ஒன்று எடுத்தாள். பேச்சு முடிந்தது. வீட்டில் யாரும் தூக்காத கேமரா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பரணுக்குத்தான் போகும்.

பழைய கேமரா வாங்கும்போது மாடு வாங்குகிற மாதிரி பல் பிடித்துப் பார்க்கணும். நாங்கள் பார்த்தவை இவை.

ஷட்டர் கணக்கு. இந்த வகை கேமராக்களுக்கு ஒரு லட்சம் தடவை என்று சொல்வார்கள். நிக்கானில் எடுக்கிற ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் அந்த எண் பதிந்திருக்கும், கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிடலாம். கேனானில் பெரும்பாலும் கோப்பில் இருக்காது, தனி மென்பொருள் வேண்டும். எங்களுடையது 31,000 காட்டியது.

லென்ஸில் பூஞ்சை. ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கமிருந்து பார்த்தால் சிலந்தி வலை மாதிரி தெரியும். தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கடலோரத்தில் இருந்த லென்ஸ் என்றால் கட்டாயம் பார்க்கணும்.

சென்சாரில் தூசி. எஃப் 16ல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிசு பண்ணிப் பார்க்கணும், கறுப்புப் புள்ளி விழும். மணலிப் பக்கத்து வெள்ளை வானம் இதற்காகவே செய்த மாதிரி. கொஞ்சம் புள்ளி இருந்தால் சுத்தம் செய்துகொள்ளலாம், பயப்பட வேண்டாம்.

அப்புறம் பேட்டரி உப்பியிருக்கிறதா, பிடிமான ரப்பர் பிசுபிசுக்கிறதா, ஃபோகஸ் ஆகும்போது லென்ஸ் கரகரக்கிறதா. எல்லாம் சரியாக இருந்தது. பாடி, கிட் லென்ஸ், 35 மி.மீ. எஃப் 1.8, சார்ஜர் எல்லாம் சேர்த்து 26,000. மெமரி கார்டு 1,000. மீதி 3,000ஐ நான் கையில் வைத்துக்கொண்டேன். பை வாங்கலாம், ஸ்டாண்டு வாங்கலாம் என்று அக்கா பொண்ணு சொன்னாள். அது பிரிண்டுக்கு என்று சொல்லிவிட்டேன்.

வாங்கின பிறகு வருகிற வேலைதான் எர்ணாவூரில் பெரிது. உப்புக் காற்று, நிலக்கரித் தூசி, ஈரம் மூன்றும் சேர்ந்த ஊர். கடற்கரையில் லென்ஸைக் கழற்றி மாட்டக் கூடாது. வீட்டுக்குள் ஃபேனை நிறுத்திவிட்டு, பாடியின் வாய் கீழே பார்க்கிற மாதிரி பிடித்து மாற்றணும். கடலோரம் போய்வந்தால் லேசாக ஈரமான துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, அப்புறம் காய்ந்த துணி. பீரோவில் துணிக்கு நடுவில் வைத்தால் பூஞ்சை நிச்சயம். காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறார்கள். நிறம் மாறுகிற ஜெல் வாங்கினால் எப்போது காயவைக்கணும் என்று அதுவே சொல்லும். அரிசி டப்பாவில் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அரிசி மாவு உள்ளே போகும், வண்டும் போகும். எல்லாவற்றையும்விட முக்கியம், அதை அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவது.

இன்னொன்று அந்த ஊருக்கே உரியது. துறைமுக வாசல், அனல்மின் நிலைய வேலி, தொழிற்சாலை மதில், இங்கெல்லாம் படம் எடுக்கத் தடை என்று பலகை இருக்கும். போனில் எடுத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரிய கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினால் காவலாளி ஓடிவருவார். காசிமேட்டில் மீன் விற்கிற அம்மாக்களையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. கேட்டால் பாதிப் பேர் திட்டுவார்கள், பாதிப் பேர் தலையை ஒதுக்கிக்கொண்டு நிற்பார்கள். இரண்டுமே நியாயம்தான்.

ஆறு மாதமாகிறது. 4,000க்கு மேல் எடுத்திருக்கிறாள். ராயபுரம் ஸ்டேஷன் முன்னால் அக்காவும் மாமாவும் நிற்கிற படம் ஒன்று. மாமா ராத்திரி ஷிஃப்ட் முடிந்து விடிகாலையில் வாசல்படியில் ஷூவைக் கழற்றுகிற படம் ஒன்று. கடல் பக்கமிருந்து வருகிற காலை வெளிச்சம் அவர் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் விழுகிறது. முப்பது வருஷமாக அக்கா தினமும் பார்க்கிற காட்சி அது. ஒருவர்கூட இதுவரை எடுத்ததில்லை. அந்த நேரத்தில் அந்த வாசலில் வேறு யார் இருக்கப்போகிறார்கள்?

இதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்லணும். யார் படம் எடுக்கிறாரோ அவர் குடும்பப் படத்தில் இருக்க மாட்டார். எந்த வீட்டு ஆல்பத்தையும் புரட்டிப் பாருங்கள். அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை கேமரா அக்கா கையில். அவளுக்கு எஃப், ஐ.எஸ்.ஓ. எதுவும் தெரியாது, பச்சைக் குறியில் வைத்து அழுத்துவாள். மகள் படிக்கிறது, தூங்குகிறது, முறைக்கிறது எல்லாம் அதில்தான் இருக்கிறது. கொஞ்சம் கோணலாக இருக்கும். அக்கா எடுத்தது என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

பொங்கலுக்கு எல்லாரும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். அம்மாவைக் களத்து மேட்டில் உட்காரவைத்து எடுக்கலாம் என்று நான் சொன்னேன். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். "எதுக்குடா என்ன எடுக்குற? செத்தா மாட்டவா?" யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. பேத்திதான் சொன்னாள், "இல்ல ஆயா, நீ இருக்கும்போதே மாட்டத்தான்." அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளே போய், புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். 35 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, வாசல் திண்ணை. நிழலில் உட்கார்ந்து வெளியே பார்க்கிறாள். ஒரு சுருக்கமும் அழியவில்லை. பெரிசாகப் பிரிண்ட் போட்டு நடுக்கூடத்தில் மாட்டியிருக்கிறோம், மாலை இல்லாமல். வருகிறவர்களிடம் அவளே காட்டுகிறாள்.

கையில் வைத்திருந்த 3,000ல் இதுவரைக்கும் நூற்று ஐம்பது சின்னப் பிரிண்ட், நான்கு பெரிய பிரிண்ட் போட்டாகிவிட்டது. எல்லாவற்றிலும் இரண்டு பிரதி. விதைநெல்லை யாரும் ஒரே குதிரில் வைப்பதில்லை. எர்ணாவூர் வீட்டுப் படங்களின் ஒரு பிரதி எங்கள் வீட்டுப் பரணில், எங்கள் வீட்டுப் படங்களின் ஒரு பிரதி அக்கா வீட்டு லாஃப்ட்டில், போன வெள்ளக் கோட்டுக்கு நாலடி மேலே. கோப்புகள் ஒரு ஹார்ட் டிஸ்கில் தனியாக. ஒரே ஆற்றின் இரண்டு முனையிலும் ஒரே நாளில் தண்ணீர் வந்தாலும் இரண்டு பரணும் ஒன்றாக முழுகாது என்று நம்புகிறோம்.

மாசி பிறந்துவிட்டது. திருவொற்றியூரில் திருவிழா நடக்கிறது. சுந்தரருக்கும் சங்கிலியாருக்கும் நடந்த கல்யாணத்தை வைத்து மகிழடி சேவை. கோயிலுக்குள்ளே எடுக்க முடியாவிட்டாலும் தேர் வீதியில் எடுக்கலாம் என்று அக்கா பொண்ணு பேட்டரியைச் சார்ஜில் போட்டிருக்கிறாளாம். எனக்கு நவரைப் பயிரில் களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை. நான் போகப்போவதில்லை. உங்கள் வீட்டில் யாருக்கு இன்னும் ஒரு ஒழுங்கான படம் இல்லை என்று மட்டும் இன்றைக்கு ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். கேமரா எதுவென்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.